ட்ரைலோ வீட்டின் இருபத்திரண்டு ரேடியேட்டர்கள்

எங்கள் ஊரிலேயே பெரிய வீட்டில் யாரும் குடியில்லை. இருபத்திரண்டு ரேடியேட்டர்கள் மட்டும் குடியிருக்கின்றன.

வீட்டுக்காரர் ட்ரைலோ முப்பது வருஷமாக வியன்னாவில் குளியலறைகளுக்கு ஓடு ஒட்டுகிறார். ஆகஸ்ட் மாதத்தில் பத்தொன்பது நாள் ஊருக்கு வருவார். அந்தப் பத்தொன்பது நாளும் வெயில் மண்டையைப் பிளக்கும். மற்ற நாளெல்லாம் வீடு பூட்டியே கிடக்கும். வாசலில் இரண்டு சிமென்ட் சிங்கங்கள் காவல். டிசம்பர் வந்தால் அவற்றையும் பிளாஸ்டிக் போட்டு மூடிவிடுவார்கள், சளி பிடித்துவிடும் என்று நினைக்கிறேன். வெளிநாட்டில் பிழைக்கும் எங்கள் ஹோமோல்யே மலைக்காரர்கள் எல்லோரும் இந்த மாதிரிதான். சம்பாதிப்பது அங்கே, கட்டுவது இங்கே. எங்கே வாழ்வதாக உத்தேசம் என்று கேட்டால், முதலில் மேல்மாடி முடியட்டும் என்பார்கள்.

வெந்நீரை ஓடவிட்டு அறைகளைச் சூடாக்கும் அந்த இருபத்திரண்டையும் போன இலையுதிர் காலத்தில் மாட்டியவள் என் அக்கா தெசாங்கா. தொழிற்பள்ளியில் இதைத்தான் படித்தாள். வகுப்பில் இருபத்தெட்டுப் பையன்களும் அவளும். பிறகு டவுனில் ஒரு கம்பெனியில் நாலு வருஷம். பைப் அறுக்க விட்டார்கள், பற்றவைக்க விட்டார்கள், வாடிக்கையாளர் வந்தால் மட்டும் காபி போடச் சொன்னார்கள். ஒரு நாள் காபியைப் போட்டுக் கொடுத்துவிட்டு ராஜினாமாவையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். காபி நன்றாக இருந்ததாம்.

ட்ரைலோ அவளிடம் வந்தது அவள் திறமையைப் பார்த்தல்ல. டவுன் மேஸ்திரி செடோமிர் ‘வசந்தத்தில் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டார், இவருக்கு அவசரம். அவள் தன் பெயரில் செய்த முதல் வேலை அதுதான். எங்கள் பள்ளத்தாக்கில் ஓர் ஆம்பளை மாட்டிய பைப் வெடித்தால் குளிரைத் திட்டுவார்கள், பைப்பைத் திட்டுவார்கள், அரசாங்கத்தைத் திட்டுவார்கள். தெசாங்கா மாட்டியதில் ஒரு சொட்டுக் கசிந்தால் போதும், அடுத்த முப்பது வருஷத்துக்கு எவனும் அவளை ஒரு குழாயை இறுக்கிவிடக்கூடக் கூப்பிட மாட்டான். இது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஊர் பொறுமையாகக் காத்திருந்தது.

ஆளில்லாத வீட்டில், பைப் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு குளிர்காலத்தைத் தாண்டுவது விளையாட்டு இல்லை. தண்ணீர் உறைந்தால் பருத்துப் பைப்பைப் பிளந்துவிடும். தண்ணீரை வடித்துவிடலாம் என்று அக்கா வீடியோ அழைப்பில் சொல்லிப்பார்த்தாள்.

“ரேடியேட்டருக்குள்ள தண்ணி இல்லன்னா அது வீடாம்மா? தொழுவம்” என்றார் ட்ரைலோ.

அப்படியானால் தண்ணீரோடு உறையாமல் காக்கும் மருந்தைக் கலந்துவிடலாம் என்றாள். விஷத்தைத் தன் சுவருக்குள் ஓடவிட மாட்டாராம். அவரிடம் வேறு வழி இருந்தது. வியன்னாவில் வாங்கிய ஒரு வெள்ளைப் பெட்டி. சுவரில் மாட்டிவிட்டால் அது அந்த இடத்துச் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆறு டிகிரிக்குக் கீழே போனால் பாய்லரைத் தானே பற்றவைக்கும். மரத்தூள் குச்சிகள் தொட்டியிலிருந்து தானே விழுந்து எரியும். அத்தனையையும் அவர் வியன்னாவில் உட்கார்ந்தபடி கைபேசியில் பார்த்துக்கொள்வார்.

அக்கா அதற்கு ஒத்துக்கொண்டாள். பெட்டியை வீட்டின் நடுவில், கூடத்துப் படிக்கட்டுச் சுவரில் மாட்டவேண்டும் என்றாள். அது மார்பிள் சுவர். மார்பிளில் ஓட்டை போட்டால் தன் நெஞ்சில் ஓட்டை போட்ட மாதிரி என்றார் அவர். கடைசியில் பெட்டி, கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கும் பாய்லர் அறைக்கும் நடுவே இருக்கும் நடைக்குப் போனது. அது வீட்டோட மூலைண்ணே, அங்க இருக்கிற பெட்டிக்கு மாடியப் பத்தி என்ன தெரியும் என்று அவள் ஒரு தடவை சொன்னாள். பரவாயில்லை என்று அவர் இரண்டு தடவை சொன்னார். அன்று சாயங்காலம் முழுக்க அக்கா யாரோடும் பேசவில்லை. மனசுக்கு ஒப்பாத இடத்தில் ஒரு திருகாணி போட்டுவிட்டால் அவள் அப்படித்தான்.

நான் பெல்கிரேடில் தத்துவம் படிக்கிறேன். மூன்றாம் வருஷம். அந்த வருஷம் மிகவும் பிடித்துப்போனதால் அதையே மறுபடியும் படிக்கிறேன். பிப்ரவரி விடுமுறைக்கு வந்தபோது குளிர் மைனஸ் இருபத்து மூன்றில் ஒரு வாரமாக அசையாமல் நின்றிருந்தது. மதியம் நாங்கள் சோளக்களியும் பாற்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஊர்க்காரர்களின் கைபேசிக் குழுவில் ட்ரைலோ ஒரு படம் போட்டார். வெளியே மைனஸ் இருபத்து மூன்று. தன் வீட்டுக்குள்ளே பதிமூன்று. எரிந்த குச்சி, பூஜ்யம். கீழே ஒரு வரி: சுவர் என்றால் இப்படி இருக்கணும்.

ஊர் பரவசமடைந்தது. ஒருவர் ஆஸ்திரியச் செங்கல்லைப் பாராட்டினார், ஒருவர் ட்ரைலோ குடும்பத்தைக் காக்கும் புனிதரைப் பாராட்டினார். எங்கள் படுக்கையறையில் எட்டு டிகிரி இருப்பதை நினைத்து அம்மா பெருமூச்சு விட்டாள். அக்கா மட்டும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். எழுந்துபோய் ஜன்னல் வழியாக ட்ரைலோ வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தாள். புகை இல்லை.

“அடுப்பு எரியல. ஆள் இல்ல. ஆனா பதிமூணு டிகிரி” என்றாள்.

அதிசயம் என்று ஊரே சொல்கிறதே என்றேன்.

“அதிசயத்துக்கெல்லாம் உடம்பு சுடாதுடா. உள்ள உயிரோட ஏதோ மூச்சு விடுது. எழுந்திரு.”

சாவி பக்கத்து வீட்டு ஜோர்கோவன் மாமாவிடம் இருந்தது. ட்ரைலோ வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. எங்களைக் கண்டதும் அவர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். சாவி தொலைந்துவிட்டது என்றார். பிறகு, சாவி இருக்கிறது, பூட்டுதான் உறைந்துவிட்டது என்றார். பிறகு, சாவி தன் மனைவி ஸ்தமேனாவிடம் இருக்கிறது, அவள் காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்றார். ஸ்தமேனா அத்தை வெளியே வந்து, யாரும் கேட்காமலே சாவியை அக்கா கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்குக் காய்ச்சல் இருந்ததாகத் தெரியவில்லை.

மாமாவும் பின்னாலேயே வந்தார். கதவைத் திறந்ததும் வாசனை எங்களை வரவேற்றது. நடை முழுக்க வைக்கோல். அதில் நாலு ஆடுகள், ஏழு குட்டிகள். வெள்ளைப் பெட்டிக்கு நேர் கீழே ஒரு தாய் ஆடு படுத்து நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் மூச்சு நேராகப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. பெட்டி பதிமூன்று என்று காட்டியது. அதன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

“மாமா, என்ன இது?”

“ஆடு” என்றார் ஜோர்கோவன் மாமா.

“அது தெரியுது.”

“இந்தக் குளிர்ல குட்டி போட்டுடுச்சும்மா. கொட்டாய்ல விட்டா விடியறதுக்குள்ள கட்டையாயிடும். இங்க பாத்தா ஒரு மனுஷன் இல்லாத வீடு, இத்தன பெரிசு. நீயே சொல்லு.”

அக்கா வைக்கோலைத் தாண்டிப் போனாள். நடையிலிருந்து கூடத்துக்குப் போகும் கதவைப் பார்த்தாள். அதன்மேல் தடித்த கம்பளி ஒன்று ஆணியடித்துத் தொங்கியது. அது எதற்கு என்று கேட்டாள்.

“குறுக்குக்காத்து வருதில்ல. பச்சக் குட்டிங்க.”

எங்கள் ஊரில் யார் செத்தாலும் முதல் சந்தேகம் குறுக்குக்காற்றின் மேல்தான். இரண்டு ஜன்னலை எதிரெதிரே திறந்து வைப்பவனைப் பைத்தியம் என்போம். காய்ச்சல், கழுத்துவலி, பல்வலி, விவாகரத்து எல்லாம் அதனால்தான் வருகின்றன. ஆகவே ஜோர்கோவன் மாமா செய்தது சரி. இந்த ஊரில் யாராக இருந்தாலும் கம்பளியை அடித்திருப்பார்கள். அதன் பலன், நடைச் சூடு நடையிலேயே நின்றது. பெட்டி ஆடுகளைப் பார்த்துக்கொண்டே பாய்லரை ஒரு வாரம் தூங்கவிட்டது. வீட்டின் மற்ற இடமெல்லாம் தன்பாட்டுக்கு விறைத்துக்கொண்டிருந்தது.

“மாமா, குட்டிங்கள நல்லா காப்பாத்தியிருக்கீங்க” என்றாள் அக்கா. “மாடியில என்னைத்தான் கொன்னுட்டீங்க.”

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மேல்தளத்தில் எங்கள் மூச்சு புகையாக வந்தது. ஆகஸ்டில் யாரோ குடித்து மிச்சம் வைத்த தண்ணீர் ஜன்னல்கட்டையில் உறைந்து, கண்ணாடி டம்ளர் இரண்டாகப் பிளந்து நின்றது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்பானரை எடுத்து ரேடியேட்டர்களைத் தட்ட ஆரம்பித்தாள். தண்ணீர் நிற்கும் ரேடியேட்டர் ஒரு மாதிரி முனகும், பனிக்கட்டி பிடித்தது கல் மாதிரி டக்கென்று நிறுத்திக்கொள்ளும். கீழ்த்தளம் முனகியது. நடுத்தளம் முனகியது. மேல்தளத்தில் வடக்குப் பக்கத்து மூன்றும் டக் என்றன. அவற்றுக்குப் போகும் பைப்பிலும் ஒரு கை நீளத்துக்கு டக்.

இன்னும் வெடிக்கவில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் போனால் என்ன ஆகும் என்பதை டம்ளர் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

நான் உதவி செய்ய நினைத்தேன். கீழே ஓடிப் பாய்லரை முழு வேகத்தில் போடுகிறேன் என்றேன். அவள் என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

“கொதிக்கிற தண்ணி பனிக்கட்டிக்கு முன்னாடி வந்து முட்டும். நடுவுல மாட்டுற தண்ணிக்குப் போக இடம் இருக்காது. எங்க போகும்?”

“எங்க?”

“என் பேரு மேல.”

அதன் பிறகு அவள் பேசியதெல்லாம் வேலைக்கான பேச்சு. மேல்தளத்துக்குப் போகும் வால்வுகளை மூடினாள். பாய்லரைக் கையால் பற்றவைத்து, கீழ் இரண்டு தளங்களுக்கு மட்டும் மெதுவான சூட்டில் ஓடவிட்டாள். உறைந்த மூன்று ரேடியேட்டர்களின் கடைசி வாயைத் திறந்து அடியில் வாளி வைத்தாள். உருகும் தண்ணீருக்கு முதலில் வெளியே போக வழி வேண்டுமாம். திறந்த வாய்ப் பக்கமிருந்துதான் சூடு காட்டிக்கொண்டு உள்நோக்கிப் போகவேண்டும், நடுவிலிருந்து ஆரம்பித்தால் தொலைந்தோம். நெருப்புக் கூடாது. வெந்நீரில் நனைத்த துணியும், பெண்கள் முடி உலர்த்தும் கருவியும் போதும். எத்தனை கிடைக்குமோ அத்தனை.

குழுவில் நான் எழுதினேன்: ட்ரைலோ வீட்டுக்கு அவசரமாக முடி உலர்த்திகள் தேவை. அந்தக் குழுவின் வரலாற்றில் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. கால் மணியில் ஒன்பது பெண்கள் ஒன்பது கருவிகளோடு வந்தார்கள். அந்த வீட்டின் உள்புறத்தை ஊர் அதுவரை பார்த்ததில்லை. பெண்களுக்குப் பின்னால் ஆம்பளைகளும் வந்தார்கள். அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வந்தவர்கள். அக்கா அவர்களை வரிசையாக நிற்கவைத்து, ஸ்தமேனா அத்தை அடுப்பில் கொதிக்கும் வெந்நீரை வாளி வாளியாகக் கைமாற்ற வைத்தாள். வேடிக்கை பார்க்க வந்தவன் கையில் வாளியைக் கொடுத்துவிட்டால் அவனால் சிரிக்க முடியாது என்பதை அன்று கண்டுகொண்டேன்.

நாலு கருவிகளை ஒன்றாகப் போட்டதும் ப்யூஸ் போனது. அக்கா மூன்றை இந்த வீட்டிலும், இரண்டை ஜோர்கோவன் மாமா வீட்டிலிருந்து ஜன்னல் வழியாக இழுத்த வயரிலும் ஓடவிட்டாள். மற்றப் பெண்கள் கை மாற்றினார்கள். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்ததால் குறுக்குக்காற்று வருகிறதென்று ஒருத்தி கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டாள். அக்கா முழங்காலில் நகர்ந்து நகர்ந்து, காதைப் பைப்பில் வைத்து, இன்னும் ஒரு சாண், இன்னும் நாலு விரல் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு ரேடியேட்டர்கள் ஒரு மணி நேரத்தில் வாளிக்குள் துப்ப ஆரம்பித்தன. மூன்றாவது அசையவில்லை.

பின்னால் வாளி வைத்திருந்த ஒருவர், பொம்பளை முறுக்கிய இணைப்பு எத்தனை நாள் தாங்கும் என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அக்கா திரும்பவில்லை. ஸ்தமேனா அத்தை அவர் கையிலிருந்த வாளியை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அவரை வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

சூரியன் மலைக்குப் பின்னால் போவதற்குச் சற்று முன்னால் மூன்றாவது ரேடியேட்டர் ஒரு தடவை செருமியது. பிறகு பொங்கி வாளியில் கொட்டியது. யாரும் கைதட்டவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஐந்து முடி உலர்த்திகளும் ஒரே நேரத்தில் நின்றதால் வீடு திடீரென்று அமைதியானது, அவ்வளவுதான்.

அக்கா ரேடியேட்டர்களின் வாயை மூடி, தண்ணீரை நிரப்பி, காற்றை வெளியேற்றி, அழுத்தத்தை ஏற்றினாள். அழுத்தம் காட்டும் முள் ஒன்றரையில் நின்றது. அதன் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முள் அசையவில்லை. பிறகு காகிதக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு ரேடியேட்டர்களின் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்தாள். காகிதம் காய்ந்தே இருந்தது. நான் பின்னாலேயே போய், காய்ந்த காகிதங்களை வாங்கி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

கடைசியாகத் துரப்பணத்தை எடுத்து வந்தாள். கூடத்துப் படிக்கட்டருகே மார்பிள் சுவரில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்து, ஊரே பார்க்கத் துளை போட்டாள். பெட்டி அங்கே ஏறியது. நாலு என்று காட்டியது. உடனே பாய்லர் தானே வேகமெடுத்தது. ஜோர்கோவன் மாமா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்.

“இருக்கட்டும் மாமா” என்றாள் அக்கா. “பாய்லர் பக்கத்து அறைதானே, இனிமே சூடாவே இருக்கும். ஆடு மேல தப்பு இல்ல. பெட்டிதான் தப்பான இடத்துல இருந்துச்சு. மாட்டினவ நான்.”

அப்போதுதான் வியன்னாவிலிருந்து அழைப்பு வந்தது. கைபேசியில் பதிமூன்று நாலாகிவிட்டது, குச்சி எரிகிறது, தன் வீட்டில் எதை உடைத்தாய் என்று ட்ரைலோ கேட்டார். தானாகச் சூடாகிக்கொண்டிருந்த வீட்டை ஒருத்தி வந்து கெடுத்துவிட்டாள் என்று அவருக்கு வருத்தம். பெட்டியை இடம் மாற்றியதை அக்கா சொன்னாள். எங்கே என்று கேட்டார். மார்பிளில் என்றாள்.

ஜோர்கோவன் மாமா தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைபேசியை வாங்கினார்.

“ட்ரைலோ, உன் வீட்டை இதுவரைக்கும் சூடாக்கினது செங்கல் இல்லப்பா. நாலு ஆடு, ஏழு குட்டி. எல்லாம் என்னோடது. அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாத.”

எத்தனை ஆடு என்று ட்ரைலோ மறுபடியும் கேட்டார். பிறகு, இனி யாரையும் நம்பமாட்டேன், நாளைக்கே டவுன் மேஸ்திரி செடோமிரை அனுப்பி ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

“அனுப்புங்கண்ணே” என்றாள் அக்கா. “நல்ல டார்ச்சா எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

மறுநாள் காலை செடோமிர் வந்தார். ஐம்பத்தைந்து வயது, உறுமும் மீசை. இந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒரு மேஸ்திரி இன்னொருவர் வேலையைப் பார்க்க வந்தால், கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே தலையை ஆட்டி, ‘யாரு உங்களுக்கு இப்படிச் செஞ்சு வெச்சது?’ என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்காக ஊரே கூடத்தில் நின்றது. அவர் கோட்டைக் கழற்றினார். ஸ்தமேனா அத்தை கொடுத்த ரக்கியா என்ற பழச்சாராயத்தைக் குடித்தார். தலையை ஆட்டத் தயாராகப் பைப்பைப் பார்த்தார். ஆட்டவில்லை.

நாற்பது நிமிஷம் மூன்று தளமும் ஏறி இறங்கினார். முழங்காலில் நின்று டார்ச் அடித்தார். விரலால் தடவி விரலைப் பார்த்தார். பைப்பின் மேல் மட்டப்பலகை வைத்துக் குமிழைப் பார்த்தார், வேறு பைப்பில் வைத்துப் பார்த்தார். ஏதாவது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் நடைக்கும் போனார். அங்கே குட்டிகள் அவர் காலணிக் கயிற்றைச் சப்பின. அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து, நகத்துக்குள் இருந்த கறுப்பைத் தீக்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

செடோமிர் ட்ரைலோவை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்.

“ட்ரைலோ, இங்க எனக்கு வேலை இல்ல.”

மார்பிளில் போட்ட ஓட்டை எப்படி இருக்கிறது என்று ட்ரைலோ மெல்லிய குரலில் கேட்டார்.

செடோமிர் போய்ப் பார்த்தார். “நேரா இருக்கு” என்றார்.

கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர், சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று திரும்பினார். அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு பள்ளிக்கூடம் முழுக்க உறைந்து கிடக்கிறதாம். அவருடைய ஆட்கள் அவர் பேச்சை மீறிப் பாய்லரை முழு வேகத்தில் போட்டுவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

“திங்கக்கிழமை என்னம்மா பண்றே?”

திங்கட்கிழமை அவளுக்கு ஒன்றுமில்லை. ஏப்ரல் வரை எந்தக் கிழமையும் ஒன்றுமில்லை. இது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், கூடத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

“திங்கக்கிழமை வேலை இருக்கு மேஸ்திரி” என்றாள் அக்கா. “செவ்வாய் வரேன். காபி போட மாட்டேன்.”

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். செவ்வாய் சரி என்றார். காபி அங்கே வேறு ஆள் போடும் என்றார்.

திங்கட்கிழமை காலை பத்து மணி ஆகியும் அக்கா போர்வைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அம்மா எழுப்பப் போனாள். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

“அவளத் தொந்தரவு பண்ணாதம்மா” என்றேன். “அவளுக்கு இன்னிக்கு வேலை இருக்கு.”